அப்பாவின் கட்டைவிரல்

மடிக்கணினியின் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. சுவரில் லொடலொடவென்று ஆடும் பிளக்கைக் கட்டைவிரலால் அழுத்தியபடி அப்பா தரையில் உட்கார்ந்திருக்கிறார். பஸ் ஓட்டும் கை, இம்மியும் அசையவில்லை. "பழைய இரும்புக்குப் போடும்மா" என்று ரிப்பேர் கடைக்காரன் சிரித்த சிரிப்பு மகளுக்கு இன்னும் எரிகிறது. நாளைக் காலை இதில்தான் அவளுக்கு வேலைக்கான இன்டர்வியூ. தோழி கொடுத்த பென்டிரைவிலிருந்து, பழைய கணினியிலும் ஓடக்கூடிய லினக்ஸ் இயங்குதளம் ஏறிக்கொண்டிருக்கிறது. திரையில் நீலக் கோடு எறும்பாக ஊர்கிறது, உள்ளே விசிறி இரைகிறது. அம்மா இஸ்திரிப் பெட்டியோடு வருகிறாள். "பிளக்கைக் கொஞ்சம் விடுங்க, ஒரே ஒரு சட்டை." "கிட்ட வந்தே, கடிச்சிடுவேன்!" என்று சீறுகிறாள் மகள். "நாளைக்கு நீ போடற சட்டைதான்டி." "கசங்கினதையே போட்டுக்கறேன், போ!" கோடு நிறைகிறது. கணினி அணைந்து எழுகிறது. மறுபடியும் அதே முதல் திரை, லினக்ஸை நிறுவலாமா என்று புதிதாகக் கேட்கிறது. "சனியனே!" மேசையில் ஓங்கிக் குத்துகிறாள். பென்டிரைவ் ஒரு துள்ளு துள்ளியபோதுதான், அதை இன்னும் பிடுங்கவே இல்லை, கணினி மறுபடி அதிலிருந்தே எழுந்திருக்கிறது என்பது உறைக்கிறது. நாக்கைக் கடித்துக்கொண்டு பிடுங்குகிறாள், மீண்டும் தொடங்குகிறாள். திரை கறுக்கிறது. அம்மா பின்னாலிருந்து எட்டிப் பார்க்கிறாள். பளீரென்று முகப்பு விரிகிறது. கேமராவைத் திறந்தால் அவளுடைய முறைப்பும், தோளுக்குப் பின்னால் இஸ்திரிப் பெட்டியும் பல்லுமாக அம்மாவும். "அதான் வந்துடுச்சே, கையை எடுங்க" என்கிறாள் அம்மா. "இன்டர்வியூ முடியட்டும்" என்கிறார் அப்பா, மற்றக் கட்டைவிரலுக்கு மாற்றிக்கொண்டே.