விசை நகரவில்லை

"விசை அசையவே மாட்டேங்குதும்மா. கல்லு மாதிரி இருக்கு."

கென்ட்ரா காதில் மாட்டியிருந்த கருவியைச் சரிசெய்துகொண்டாள். துப்பாக்கிக் கம்பெனியின் உதவி மையத்தில் மத்தியான நேரம், சாப்பிட்ட தூக்கம் கண்ணைச் சுழற்றியது. பேசியவர் லீலண்ட் ப்ரூட், ஆர்கன்சாவில் ஒரு பண்ணை வீட்டுக்காரர். வயதானவர் என்பது குரலிலேயே தெரிந்தது.

"இந்த உரையாடல் பதிவு செய்யப்படுகிறது சார். துப்பாக்கி மேல இருக்கிற எண்ணைச் சொல்லுங்க."

"அதெல்லாம் அப்புறம். வீட்டுப் பாதுகாப்புக்குன்னு போன வாரம்தான் வாங்கினேன். போலீஸ் வந்து சேர்றதுக்குள்ள இது பேசிடும்னு கடைக்காரன் அளந்தான். இது வாயே திறக்கலையே."

வருகிற எல்லாருக்கும் அவசரம்தான். அதற்காகக் கென்ட்ரா எரிந்து விழ முடியாது. பேசி முடித்ததும் வாடிக்கையாளர் அவளுக்கு மதிப்பெண்ணாக ஒன்றிலிருந்து ஐந்து வரை ஓர் எண்ணை அழுத்துவார். இந்த மாதம் இரண்டு புண்ணியவான்கள் அவளுக்கு ஒன்றை அழுத்தித் தொலைத்திருந்தார்கள். இன்னொரு ஒன்று விழுந்தால் நாளைக்கு வேலைக்கு வர வேண்டாம் என்று மேலாளர் காலையிலேயே சொல்லிவிட்டார்.

"முதல்ல தோட்டாவையெல்லாம் வெளிய எடுத்துடுங்க சார்."

"எடுக்கணுமா? இப்பவா?"

"கம்பெனி விதி சார். எடுக்காம நான் மேற்கொண்டு பேசக் கூடாது."

"அவங்க சொல்றதைக் கேளுங்க பெரியவரே," என்று பின்னாலிருந்து ஓர் இளங்குரல் கேட்டது. "உள்ள வச்சுக்கிட்டு நோண்டினா உங்க கால்லதான் படும்."

"யார் சார் அது?"

"வீட்டுக்கு வந்த ஆளு," என்றார் லீலண்ட் வேண்டாவெறுப்பாக.

மச்சினன் வகையறாவாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள் கென்ட்ரா. விவரம் தெரிந்த ஒருத்தர் பக்கத்தில் இருந்தால் அவளுக்குப் பாதி வேலை மிச்சம்.

"புதுசுல கிரீஸ் கெட்டிப்பட்டிருக்கும், ஒரு துணியால துடைச்சுப் பாருங்க."

"தோட்டாவை எடுத்துட்டுத் துடைச்சும் பார்த்தாச்சு. அப்படியேதான் இருக்கு."

"அப்ப உள்பூட்டுதான் சார். குழந்தைங்க கைக்குப் போனா வெடிக்காம இருக்கிறதுக்கு. பெட்டியில குட்டியா ஒரு சாவி இருக்கா?"

"ஒரு இழவும் கண்ணுக்குத் தெரியல. கண்ணாடி மாடியில இருக்கு. போய் எடுத்துட்டு வந்துடறேன்."

"வேணாம், அங்கேயே நில்லுங்க," என்றது அந்தக் குரல். "இதோ இருக்கு சாவி. கை இப்படி நடுங்கினா எப்படிப் போடுவீங்க? எங்கிட்ட குடுங்க."

"உன்கிட்ட எதுக்குய்யா குடுக்கணும்?"

"குடுங்க சார்," என்று கென்ட்ரா குழைந்தாள். "அவருக்கு விவரம் தெரியுது. உதவிதானே பண்றாரு."

'க்ளிக்' என்று மட்டும் ஒரு சத்தம் வந்தது.

"விசை நகருதா சார்?"

"வெண்ணெய் மாதிரி நகருதுங்க மேடம்." இளங்குரல்தான் பேசியது. "தோட்டாவையும் திரும்பப் போட்டுட்டேன்."

கென்ட்ராவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "ரொம்ப சந்தோஷம்ங்க. பெரியவரை அப்படியே அஞ்சாம் நம்பரை அழுத்தச் சொல்றீங்களா?"

"அவரால முடியாதுங்க, ரெண்டு கையையும் தூக்கிட்டு நிக்கிறாரு. ஜன்னலை உடைச்சுக்கிட்டு உள்ள வந்தவன் நான்தான், அஞ்சை நானே அழுத்திடறேன்."