தட்டு கழுவ வந்தவர்

"திங்கக்கிழமையிலேருந்து நீங்க முன்னாடி வந்து பரிமாறுங்க, டிரைவர் அண்ணே. தட்டு கழுவ மெஷின் வருது" என்றார் டீச்சர். அந்த இலவச உணவுக்கூடத்தை நடத்துவது அவர்தான்.

டிரைவர் கையிலிருந்த தட்டை அலசாமல் அப்படியே நின்றார்.

பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒன்றரை வருடமாக மதியம் தவறாமல் வந்து, எச்சில் தட்டுகளைக் கழுவிக் கொடுத்துவிட்டுப் போகிறார். சோப்புத் தண்ணீரில் விரல் இடுக்கெல்லாம் வெடித்திருந்தது. ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை. மற்றவர்கள் பரிமாறத்தான் போட்டி போடுவார்கள். வயிறு குளிர்ந்தவர் சொல்லும் ஒரு நல்ல வார்த்தைக்காகவே வருகிறவர்கள் உண்டு. இவரோ கூடத்துப் பக்கம் தலைகாட்டியதே இல்லை.

மெஷின் வந்தாலும் அண்டா தேய்க்கிறேன் என்று சொல்லிப் பார்த்தார். அதற்கு ஆள் இருக்கிறதாம். காய் நறுக்கவும் ஆள் இருக்கிறதாம்.

"அப்படின்னா நான் நின்னுக்கறேன் டீச்சர்." கையிலிருந்த தட்டைத் தொட்டியில் வைத்தார்.

"ஏன்? சாப்பிட வர்றவங்க முன்னாடி நிக்கறது கௌரவக் குறைச்சலா?"

அந்தச் சொல் சுருக்கென்று தைத்தது. ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, தட்டுகள் வந்து சேரும் சின்ன ஜன்னலைக் காட்டினார்.

"சுவரோரமா, பச்சைச் சட்டை போட்டுக்கிட்டு ஒரு பொண்ணு உட்கார்ந்திருக்கு பாருங்க. அது என் மக."

பிறகு எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். பத்து வருடத்துக்கு முன், தனக்குப் பிடிக்காதவனைக் கட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றவளின் முகத்தில் கதவைச் சாத்தினார். அவள் அம்மா செத்தபோதுகூடச் சொல்லி அனுப்பவில்லை. ஒன்றரை வருடத்துக்கு முன், யாரோ தானமாகக் கொடுத்த உருளைக்கிழங்கு மூட்டையை இறக்க இங்கே வந்தவர், வரிசையில் தட்டோடு தனியாக நின்ற மகளைப் பார்த்தார். கட்டியவன் விட்டுவிட்டுப் போனது அப்புறம்தான் தெரிந்தது. மறுநாளே வேலை கேட்டு வந்துவிட்டார். கிட்டே போகத்தான் துணிவு வரவில்லை.

"அவளுக்கு என் ரோஷம். என் மூஞ்சியைப் பார்த்தா தட்டை வெச்சுட்டு எழுந்து போயிடுவா. அப்புறம் பசிக்கு எங்கே போவா? இந்த ஜன்னல் வழியா அவ சாப்பிடறதைப் பார்த்தாலே அன்னிக்குப் பொழுது எனக்கு நிறைஞ்சுடும். அவ சோத்துல மண்ணை அள்ளிப் போட்டது ஒரு தடவை போதும் டீச்சர்."

டீச்சர் திறந்திருந்த குழாயை மூடினார்.

"இது உங்க வாயாலயே வரட்டும்னுதான் கிண்டினேன். சொல்லக் கூடாதுன்னு அவ என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கா, இருந்தாலும் சொல்லிடறேன்" என்றார். "அவளுக்கு ஆஸ்பத்திரியில வேலை கிடைச்சு எட்டு மாசம் ஆச்சுண்ணே. மத்தியானச் சாப்பாடு அங்கேயே குடுக்கறாங்க. அப்புறம் எதுக்கு ரெண்டு பஸ் மாறி இங்கே வர்றேன்னு கேட்டேன்."

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அவள் தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"'உள்ளே தட்டு கழுவறது எங்கப்பா. என்னைப் பார்க்கத்தான் வர்றாரு. நான் நின்னுட்டா, பாவம், எங்கே வந்து பார்ப்பாரு?'ன்னா."