மூன்று நாள் சாக்கு

"குறையும்னு மட்டும் சொல்லல விஜயலெட்சுமி. கொஞ்ச நாள் போனா மாசாமாசம் வர்றதே சில பேருக்கு நின்னு போயிரும். நல்லதுதானே?"

மருத்துவிச்சி ஹம்ஸியா சிரித்தபடிதான் சொன்னார். தோட்டத்தில் எல்லோருக்கும் அவர் 'மிஸ்ஸி'. நல்ல செய்தி கொண்டுவந்த மிஸ்ஸி, எதிரே இருந்தவளின் முகம் தொங்கிப்போனதைப் பார்த்துத் திகைத்தார்.

"நின்னே போயிருமா, மிஸ்ஸி?"

"எல்லாருக்கும் இல்ல. நின்னாலும் உடம்புக்கு ஒண்ணும் ஆகாது, பயப்படாதீங்க. இப்ப உங்க கருப்பையில போட்டிருக்கிறது செம்பு லூப். அது ஒத்துக்கல, ரத்தமா போகுது. புதுசுங்கிறது மருந்து வச்ச லூப். பிள்ளையும் தங்காது, ரத்தமும் குறையும். பதுளையில டொக்டர் போட்டு விடுவாரு. வெள்ளிக்கிழமை கிளினிக்குக்கு வந்து முடிவச் சொல்லுங்க."

மிஸ்ஸி சொன்னதில் தப்பே இல்லை. போன மாதம் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவள் கண் இருட்டிக் கூடையோடு சரிந்தாள். தேயிலைச் செடிதான் தாங்கிக்கொண்டது. ஆனால் மிஸ்ஸிக்குத் தெரியாத ஒன்று உண்டு. அந்த மூன்று நாள்தான் விஜயலெட்சுமிக்கு மாதத்தில் கிடைக்கிற ஒரே லீவு.

மாமியார் ரெங்கம்மா போட்டு வைத்த சட்டம் அது. தீட்டு என்றால் அடுப்பங்கரையில் தலைகாட்டக் கூடாது. பீலியில் தண்ணீர் பிடிக்கக் கூடாது. மலையில் வேலை முடிந்து வந்ததும் லயத்து வீட்டின் முன்தாழ்வாரமான இஸ்தோப்பின் மூலையில் ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்துவிட வேண்டும். அந்த மூலையிலிருந்து பார்த்தால் ஜன்னல் வழியாக டி.வி. நேராகத் தெரியும். மற்ற நாளெல்லாம் வெங்காயம் நறுக்கிக்கொண்டே காதால் கேட்கிற சீரியலை, அந்த மூன்று நாளும் அவள் கண்ணால் பார்ப்பாள். சமையல் புருஷன் ஜெயரூபன் தலையில் விழும். பருப்பில் உப்பிருக்காது, ரொட்டி கருகியிருக்கும். இருந்தாலும் இன்னொருவர் சுட்டு எதிரே கொண்டுவந்து வைத்த ரொட்டி! அதை நினைத்தாலே அவளுக்கு அழுகை முட்டும். அதையா விடுவது?

இன்று அந்தச் சாக்கில் ரெங்கம்மா உட்கார்ந்திருந்தாள். நேற்றுத்தான் போயா. வானத்தில் பௌர்ணமி வந்தால் அவளுக்கும் வந்துவிடும். சீரியலில் யாரோ யாருக்கோ விஷம் கலந்துகொண்டிருந்ததால், மிஸ்ஸி விடைபெற்றுப் போனதைக்கூட அவள் கவனித்த மாதிரித் தெரியவில்லை.

தெமோதரையில் தண்டவாள வேலை பார்க்கும் ஜெயரூபன் எண்ணெய்க் கறையோடு வந்து சேர்ந்தான்.

"மிஸ்ஸி எதுக்கு வந்துட்டுப் போறாங்க?"

"பழைய லூப்ப எடுத்துட்டுப் புதுசு போடலாமான்னு கேக்குறாங்க."

"என்னாத்துக்குப் புதுசு? நம்ம தெமோதரை லூப்பு வெள்ளைக்காரன் போட்டது. இன்னைக்கும் அதுலதானே ரயிலு சுத்திக்கிட்டுப் போகுது?"

"உங்க ரயிலுக்கு ரத்தம் போகாதுங்க."

அவன் குரல் தணிந்தது. "அந்த மயக்கம் இனிமே வராதுன்னா போட்டுக்க புள்ள. இதுல என்னா யோசன?"

என்ன யோசனை என்று அவனிடம் எப்படிச் சொல்வது? வருவதே நின்றுவிடும் என்று தெரிந்தால், சமையல் தொல்லை விட்டது என்று சட்டியைக் கவிழ்த்துவிட்டுக் குதிப்பான். அதைச் சொல்லாமல் மறைத்து, மாதாமாதம் வந்த மாதிரியே சாக்கில் உட்கார்ந்துவிடலாம்தான். இவன் நம்பிவிடுவான். மாமியார் நம்புவாளா? கொழுந்துக் கூடையைத் தூக்கிப் பார்த்தே எடை சொல்கிறவள் அவள்.

"எங்க அம்மாவப் பாரு. போயா தவறினாலும் அம்மாவுக்குத் தவறாது. அந்தக் காலத்து உடம்பு!" என்று பெருமையடித்துவிட்டு அவன் குளிக்கப் போனான்.

விஜயலெட்சுமி தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு போய், கை படாமல் சாக்குக்குப் பக்கத்தில் வைக்கக் குனிந்தாள்.

"எல்லாம் கேட்டுச்சு" என்றாள் ரெங்கம்மா, டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமல்.

விஜயலெட்சுமி டம்ளரைக் கீழே வைக்காமலே நிமிர்ந்தாள்.

"போய் போட்டுக்க. சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப் போயிருக்க. உனக்கு ஒண்ணுன்னா இந்தப் புள்ளைகள யாரு பாக்குறது?"

"அதுக்கில்லங்க அத்த… நின்னு போச்சுன்னா…"

"நின்னா நிக்கட்டுமே."

 எப்படியும் பிடிபடத்தான் போகிறோம், இப்போதே சொல்லிவிடலாம் என்று விஜயலெட்சுமிக்குத் தோன்றியது. "நின்னுட்டா இங்க வந்து உக்கார முடியாதுங்களே அத்த. மாசத்துல இந்த மூணு நாளுதான் நான் கால நீட்டுறேன். இல்லாதத இருக்குன்னு பொய் சொல்லிட்டு உக்காந்தா, நீங்க கண்டுபிடிச்சிற மாட்டீங்களா?"

ரெங்கம்மா முதன்முறையாகச் சீரியலை விட்டுத் திரும்பினாள். குளிக்கிற இடத்தில் மகன் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்துப் பார்த்துக்கொண்டாள். பிறகு, என்றும் இல்லாத வழக்கமாக, டம்ளரை மருமகளின் கையிலிருந்தே வாங்கினாள்.

"போயாவுல மட்டும் உக்காந்துறாத, அது என் நாளு" என்றாள் மெதுவாக. "மத்தபடி உக்கார்றதுக்குச் சாக்கு ஒண்ணு இருந்தா பத்தாதா? எனக்கு நின்னு ஆறு வருசமாச்சுடி!"