எட்டேகால் மணிக் காபி

காலை எட்டேகாலுக்கு அவள் காபி குடித்திருந்தாள். கூடவே ஒரு பன்னும் வாங்கியிருப்பாள் போலிருக்கிறது, வெறும் காபிக்கு இவ்வளவு ஆகாது.

லிப்ட் மெக்கானிக் போனை மைத்துனன் முகத்துக்கு நேரே நீட்டினார். மனைவியின் கிரெடிட் கார்டு அவர் கணக்கோடு சேர்ந்தது. அவள் எங்கே தேய்த்தாலும் கடையின் பெயர், நேரம், தொகை மூன்றும் அவருக்கு வந்துவிடும். தொகையும் நம் ஊர்ப் பணத்திலேயே இருந்ததால் பெருக்கி வகுத்து மண்டையை உடைத்துக்கொள்ளும் வேலையும் இல்லை.

"பார்த்தியா மாப்ள? அவளுக்குப் பசி எடுத்திருக்கு."

மைத்துனன் பார்த்தான். ஓட்டல் அறையின் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

விமான நிலையத்தில் பணம் மாற்றித் தரும் கவுண்டரில் பதினோரு வருஷமாக உட்கார்ந்திருப்பவள் அவள். உடன் வேலை பார்க்கும் மூன்று பேரோடு இந்த வெளிநாட்டுக்குச் சுற்றுலா வந்திருந்தாள். ஆறு நாட்களுக்கு முன் அவர்கள் ஏறிய படகு கவிழ்ந்தது. மற்ற மூவரும் கரை சேர்ந்தார்கள். அவளும் கிடைக்கவில்லை, அவள் கைப்பையும் கிடைக்கவில்லை.

செய்தி கேட்டு அவரும் மைத்துனனும் அடித்துப் பிடித்து வந்து இறங்கிய அன்றே போனில் முதல் செய்தி வந்தது. செருப்புக் கடை. லிப்ட் மெக்கானிக்கின் வயிற்றில் பால் வார்த்த செய்தி அது. பழைய செருப்பு தண்ணீரோடு போயிருக்கும், புதுசு வாங்கியிருக்கிறாள். மறுநாள் துணிக்கடை. ஈரத்துணியோடு எத்தனை நாள்தான் நிற்பாள்? அதற்கு மறுநாள் மருந்துக் கடை. அப்போதுதான் கொஞ்சம் கவலைப்பட்டார்.

போன் ஏன் பண்ணவில்லை என்று மைத்துனன் ஒரே ஒரு தடவை கேட்டான். தலையில் அடிபட்டு நம்பர் மறந்திருக்கும், அதற்குத்தான் மருந்துக் கடை என்றார். அந்தக் கண்களைப் பார்த்த பிறகு மேற்கொண்டு கேட்க அவனுக்கு மனம் வரவில்லை. அவனுக்கும் ஒரே அக்கா.

வங்கியிலிருந்து ஒரு பெண் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டாள். வெளியூர் போகிறவர்களின் கார்டு திருடன் கையில் சிக்கினால் இப்படித்தான் சின்னச் சின்னதாகத் தேய்த்துப் பார்ப்பான், நிறுத்திவிடலாமா என்று பதமாகக் கேட்டாள். அவர் ஒற்றைக் காலில் நின்றார்.

"என் மனைவிதாம்மா யூஸ் பண்றா. கார்டை நிறுத்தினா அவ பட்டினி கிடப்பா."

செய்தி வந்த ஒவ்வொரு கடைக்கும் ஓடினார். ஒவ்வொரு தடவையும் அவள் அப்போதுதான் போயிருந்தாள். செருப்புக் கடையில் அவள் உட்கார்ந்து போட்டுப் பார்த்திருப்பாள் என்று அந்த பெஞ்சில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். துணிக்கடையின் ஆளுயரக் கண்ணாடியில் தன் தோளுக்குப் பின்னால் அவள் நிற்கிறாள் என்று இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். விற்பனைப் பெண் பயந்துபோய் விளக்கை எல்லாம் போட்டாள்.

இன்றும் ஓடினார். மைத்துனன் பின்னாலேயே வந்தான். காபிக் கடைக்காரர் போட்டோவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். கடை முழுக்க ஆள், யாரை ஞாபகம் வைப்பார் பாவம்.

வெறுங்கையோடு திரும்ப மனசில்லை. அவள் குடித்த காபியையாவது குடிக்கலாம் என்று ஒன்று சொன்னார். தன் கார்டைத் தேய்த்தார்.

நம் ஊர்ப் பணமா, இந்த ஊர்ப் பணமா என்று மெஷின் கேட்டது. விரல் தானாகப் போய் இந்த ஊர்ப் பணத்தை அமுக்கியது.

அமுக்கிய விரலை அவர் எடுக்கவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் வேறொரு நாடு, நல்ல மழை. குடை வாங்கப் போன இடத்தில் அவர் நம் ஊர்ப் பணத்தை அமுக்கிவிட்டார். வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்க முணுமுணுக்க, அவள் பில்லை ரத்து செய்ய வைத்து மறுபடி போட வைத்தாள். வெளியே வந்து குடையை விரிக்கக்கூட விடவில்லை.

"நம்ம பணத்துல காட்டுறேன்னு வசதி பண்ணித் தர்ற மாதிரி காட்டி, மாத்துற ரேட்டுல தலையில மிளகாய் அரைச்சிடுவாங்க. தினம் எத்தனை பேர்கிட்ட சொல்றேன், வீட்டுலயே இப்படியா? நான் செத்தாலும் அந்த பட்டனை அமுக்க மாட்டேங்க."

போன் அதிர்ந்தது. அவர் வாங்கிய காபிக்குச் செய்தி வந்திருந்தது, இந்த ஊர்ப் பணத்தில். எட்டேகால் மணிக் காபியைவிடக் குறைவாகத்தான் ஆகியிருக்கும்.

அவள் கார்டுக்கு வந்த பழைய செய்திகளை அவர் தள்ளிக்கொண்டே போனார். ஆறு நாட்களுக்கு முன் எடுத்த படகு டிக்கெட், இந்த ஊர்ப் பணம். அதற்கு முந்தைய நாள் பஸ், அதுவும் இந்த ஊர்ப் பணம். பிறகு செருப்பு, துணி, மருந்து, காபி. ஒன்று விடாமல் நம் ஊர்ப் பணம்.

"மாமா, என்னாச்சு?" என்றான் மைத்துனன்.

அவர் பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. வங்கிப் பெண்தான். காலையில் ஒரு காபிக் கடையில் கார்டைத் தேய்த்திருக்கிறார்கள், அது உங்கள் மனைவிதானா என்று மூன்றாவது முறையாக, தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

காபி கோப்பையில் ஆடை கட்டத் தொடங்கியிருந்தது. அவர் கண்களை மூடிக்கொண்டார்.

"அது என் மனைவி இல்லம்மா."