ஒன்று முதல் நான்கு வரை

தூக்கமின்மை என்பது தூக்கம் வராதவர்களுக்கு வரும் கோளாறு என்று பரவலாக நம்பப்படுகிறது. இந்தப் பிழையைத் திருத்தாமல் மேலே செல்வதற்கில்லை. கோளாறு ஒருவருக்கு இருக்கும், தூக்கம் இன்னொருவருக்குப் போயிருக்கும். வீட்டில் யார் சத்தமாகப் புலம்புகிறாரோ அவர் பெயரில் சீட்டு எழுதப்படும், அவ்வளவுதான்.

அந்த நில அளவையர், ஓய்வுபெற்ற நாளிலிருந்து பதினோரு வருடமாகப் புலம்பிக்கொண்டிருந்தார். ராத்திரியில் பொட்டுத் தூக்கம் கிடையாதாம்.

அதனால் மதியம் ஒன்றிலிருந்து நான்கு வரை வீட்டில் ஊரடங்கு. டிவி ஊமை. மிக்சி கூடாது. அழைப்பு மணியின் பேட்டரி அவர் சட்டைப் பையில். வீட்டிலிருந்து வேலை பார்க்கும் மகன், வாசலில் நிற்கும் காருக்குள் லேப்டாப்போடு உட்கார்ந்துதான் வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்வான். கோடையில் அவன் குரலில் கனிவு குறைகிறது என்று மேலதிகாரி எழுத்துமூலம் குறித்திருந்தார்.

பொறுத்துப் பார்த்த மகன், அப்பாவைத் தூக்கப் பரிசோதனைக்கூடத்தில் கொண்டுவந்து சேர்த்தான். நிஜமாகவே தூக்கம் இல்லையென்றால் வைத்தியம். தூங்குகிறார் என்று தெரிந்தால் அன்றோடு ஊரடங்கு ரத்து. எழுதி வாங்காத குறை.

ஓர் இரவு அங்கே படுத்தார். விடிந்ததும் டெக்னீஷியன் பெண் அவர் தலையில் பசை போட்டு ஒட்டியிருந்த ஒயர்களைப் பிய்த்தெடுத்துவிட்டு, கணினியைப் பார்த்தாள்.

ஏழு மணி நேரம் பத்து நிமிடம் தூக்கம். புரண்டு படுத்தது இரண்டே முறை. மூச்சில் பழுதில்லை. குறட்டை மட்டும் ஒரே சீராக, இடைவேளை இல்லாமல்.

அடப்பாவி மனுஷா என்று தோன்றியது. அதை அறிக்கையில் எழுதும் வழக்கமில்லை.

அச்செடுக்கப் போகும்போது அவர் மனைவி உள்ளே வந்து கதவைச் சாத்தினார். அவர் தூங்கவில்லை என்று எழுதிக் கொடுக்க முடியுமா என்று கேட்டார்.

"ஏழு மணி நேரம் தூங்கியிருக்காரும்மா."

"எனக்குத் தெரியாதா? முப்பத்தெட்டு வருஷமா அந்த மாவு மில்லுக்குப் பக்கத்துலதானே படுத்திருக்கேன்."

தூங்காதவர் அந்த அம்மாள்தான். இன்னொரு அறையில் மகன் குடும்பம். இரவெல்லாம் விழித்துக் கிடந்துவிட்டு, மதியம் அதே அறையில் தரையில் பாய் விரித்துப் படுக்கும் மூன்று மணி நேரம்தான் அவருக்கு மொத்தத் தூக்கமும். மதியத்தில் மட்டும் ஏனோ கணவருக்குக் குறட்டை வராது, அது தன் அதிர்ஷ்டம் என்றார்.

எனக்குத் தூக்கம் வேண்டும் என்று நீங்களே வீட்டில் சொல்ல வேண்டியதுதானே என்றாள் பெண்.

"நான் படுத்தா, உடம்பு சரியில்லையான்னு கேட்டுட்டு, அப்படியே இந்த வெங்காயத்தை உரிச்சுடும்பாங்க. அவர் தூங்கணும்னா வீடே மூச்சைப் பிடிச்சுக்கும். பாவம், தூங்கலைன்னே நம்பிட்டிருக்கார். நம்பிட்டுப் போகட்டுமே."

மெஷின் சொல்வதை மாற்ற முடியாது என்று பெண் சொல்லிவிட்டாள். அந்த அம்மாள் தலையாட்டிவிட்டு, மூடியிருந்த கைப்பையை இன்னொரு தரம் மூடிக்கொண்டு போனார்.

அடுத்து அளவையர் வந்தார். இந்த மாதிரி ஆசாமிகள் அறிக்கையைப் படித்ததும் மெஷினோடு சண்டைக்குப் போவார்கள். அவள் தயாராக நின்றாள்.

அவர் ஒரு தரம் படித்தார். நாலாக மடித்தார்.

"முழிச்சே இருக்கணும்னுதான் படுத்தேன். பத்தே காலுக்கு மேல முடியலை."

"பத்து நாலுக்கே தூங்கிட்டீங்க. அப்ப, நீங்க தூங்கறது உங்களுக்கே தெரியுமா சார்?"

"குறட்டை விடறவனுக்குக் காலையில தொண்டையே சொல்லிடும்மா."

அப்புறம் வீட்டையே கட்டிப்போட்டுவிட்டு மதியம் வேறு எதற்குத் தூக்கம் என்று கொஞ்சம் கடுமையாகவே கேட்டாள்.

"மதியம் யார் தூங்கறா?" என்றார் அவர். "ரிட்டயர் ஆகி வீட்ல உட்கார்ந்த முதல் வாரமே பார்த்தேன். அவ தலை சாய்க்கும்போதெல்லாம் யாராவது எதையாவது கேக்கறாங்க. நானே ரெண்டு தரம் காபி கேட்டேன். அதான் எனக்குத் தூக்கமில்லைன்னு ஆரம்பிச்சேன். நான் கண்ணை மூடினா குறட்டை வந்து அவ எழுந்துடுவாளே. பதினோரு வருஷமா மல்லாந்து கிடந்து மேல்தளத்தை அளந்துட்டிருக்கேன். வடகிழக்கு மூலை அரை அங்குலம் இறக்கம். கொத்தனாரைக் கூப்பிடவும் வழியில்லை, எப்பப் பார்த்தீங்கன்னு கேப்பா."

கதவுவரை போய்த் திரும்பினார்.

"அவகிட்ட சொல்லிடாதீங்க. தனக்காகன்னு தெரிஞ்சா, எழுந்து துணி மடிக்க உட்கார்ந்துடுவா."

பகலில் தூங்காதவருக்கு இரவில் அடித்துப்போட்டாற்போல் தூக்கம் வரும், பகலில் மூன்று மணி நேரம் தூங்குகிறவருக்கு இரவில் வராது என்பது அவள் படித்த படிப்பு. நல்ல தூக்கத்துக்குப் பத்து வழிகள் என்று சுவரிலேயே ஒட்டியிருந்தது. நான்காவது வழி அதுதான். அவள் நகர்ந்துபோய் அதை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றாள்.

வெளியே மகன் ஆவலாகக் காத்திருந்தான்.

"என்னப்பா சொன்னாங்க?"

"ரொம்ப மோசமாம்," என்றார் அளவையர்.

அந்த அம்மாள், திறந்திருந்த கதவு வழியாக டெக்னீஷியன் பெண்ணை நன்றியோடு பார்த்தார்.

மறுநாளிலிருந்து அந்த வீட்டில் ஊரடங்கு நாலரை மணி வரை.