கோணல் படம்

"புரொஜெக்டரை ஓரமா வச்சா என்ன, மென்பொருள்லயே படத்தை நேராக்கலாமே. மச்சானுக்கு அதுகூடத் தெரியாதா?" என்றான் திஹோமிர்.

"வாங்கின நாள்லேருந்து கத்துறேன். சோபாவுல உட்கார்ந்தா ஆட்டக்காரங்க எல்லாம் சரிஞ்சே நிக்கிறாங்க. கேட்டா, அது அப்படியே இருக்கட்டும்ங்கிறார்," என்றாள் அக்கா வெஸ்னா.

மச்சான் ரத்கோ கடைக்குப் போயிருந்த நேரத்தில், திஹோமிர் ரிமோட்டை அமுக்கி நாலு மூலையையும் இழுத்து நிறுத்தினான். சுவரில் படம் கச்சிதமாக நேரானது. வெஸ்னாவுக்கு நிம்மதி.

கூடைப்பந்து ஆட்டம் தொடங்கியது. புரெக் பலகாரப் பொட்டலத்தோடு வந்த ரத்கோவுக்குச் சுவரைப் பார்த்ததும் முகம் மாறியது.

"யாரு இதைத் தொட்டது?"

அவள் வாய் திறப்பதற்குள், பெல்கிரேடு வெக்கைக்குத் திறந்து கிடந்த ஜன்னல் வழியே எதிர்வீட்டு ஜிவ்கோவின் குரல் வந்தது.

"ரத்கோ, இன்னைக்கு இங்கேருந்து பார்த்தா படம் கோணலா தெரியுதேப்பா."

வெஸ்னா அந்த ஜன்னலைப் பார்த்தாள். போன குளிர்காலத்தில் ரத்கோ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தனியாக விழுந்தபோது, அங்கிருந்து பார்த்துவிட்டு ஓடிவந்து இவர்கள் கதவை உடைத்தவர் ஜிவ்கோ.

தம்பியிடமிருந்து ரிமோட்டை வாங்கினாள்.

"கொஞ்சம் இருங்கண்ணே, சரி பண்றேன். உங்களுக்கு நேரானதும் சொல்லுங்க."