விட்டெறிந்த ஐந்நூறு

"பிச்சை போடுறியா? யாருக்கு வேணும் உன் ஐந்நூறு?"

மஞ்சுநாத் நோட்டைக் கசக்கி பாமாவின் முகத்திலேயே விட்டெறிந்தான். கன்னத்தில் பட்டு வாசல் கோலத்தில் விழுந்தது.

அடுகோடியின் அந்தச் சந்தில் அத்தனை ஜன்னலும் திறந்திருந்தன.

"தம்பி, இப்போதைக்கு இவ்ளோதான் முடிஞ்சது. ரசீது குடுங்க, கையெழுத்துப் போடுறேன்..."

"ரசீதும் இல்ல, கிசீதும் இல்ல! கட்டினா மொத்தமா கட்டு. இனிமே இந்தச் சில்லறையை என்கிட்ட நீட்டாதே!"

பேங்க் வசூல் ஏஜென்ட் என்றால் கத்துவான்தான். ஆனாலும் கொடுத்த பணத்தை எறிகிற ஏஜென்டை அந்தச் சந்து பார்த்ததில்லை.

"இவன் உருப்படுவானா?" என்றாள் எதிர்வீட்டு உஷா.

பாமா குனிந்தாள். நோட்டை எடுத்து நீவி, தையல் டப்பாவில் வைத்தாள். செலவு செய்ய அல்ல. என்றைக்காவது அவன் முகத்தில் திருப்பி எறிய.

கணவரின் ஆபரேஷனுக்காக பேங்கில் வாங்கிய கடன் இரண்டரை லட்சம். பீன்யா கார்மென்ட்ஸில் வேலை இருந்தவரை மாதம் தவறாமல் கட்டி, ஒன்றேகால் லட்சம் அடைத்திருந்தாள். கணவரும் தங்கவில்லை, ஃபேக்டரியும் மூடிவிட்டது. இப்போது வீட்டிலேயே புடவைக்கு ஃபால்ஸ் தைக்கிறாள்.

ஒன்பது மாதம் கழித்து கோர்ட்டிலிருந்து தபால் வந்தது.

"கையெழுத்துப் போட்டு வாங்காதே. வாங்கலேன்னா கேஸே இல்ல!"

சட்டம் படித்த தோரணையில் சந்து மொத்தமும் சொன்னது. பாமாவும் நம்பி, தபால்காரரை இரண்டு முறை திருப்பி அனுப்பினாள். மூன்றாவது முறை கோர்ட் ஆளே வந்து கதவில் ஒட்டிவிட்டுப் போனார். முப்பது நாளுக்குள் பதில் போடாவிட்டால் பேங்க் சொன்னதே தீர்ப்பாகிவிடும். வட்டி, அபராதம் எல்லாம் சேர்த்து அவர்கள் கேட்டது மூன்று லட்சத்து இருபதாயிரம்.

பாமாவின் பணம் ஒரே இடத்தில்தான் இருந்தது. வீட்டு லீஸ். ஓனரிடம் மூன்று லட்சத்தை மொத்தமாகக் கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் குடியிருக்கிறாள். பேங்க் ஜெயித்தால் அதை ஜப்தி செய்துவிடும். அவள் தெருவுக்கு வந்துவிடுவாள்.

இலவச சட்ட உதவி மையத்தில் வக்கீல் தர்ஷினி பாஸ்புக்கைப் புரட்டினார்.

"கடைசியா கட்டினது 2022 மார்ச். ஏப்ரல்ல மொத்தக் கடனையும் கேட்டு நோட்டீஸ் விட்டிருக்காங்க. மூணு வருஷத்துக்குள்ள கேஸ் போட்டிருக்கணும். தூங்கிட்டு 2025 ஆகஸ்ட்ல போட்டிருக்காங்க. நடுவுல ஏதாவது கட்டினீங்களாம்மா?"

"எங்க கட்ட விட்டான்? ஐந்நூறு குடுத்தேன். மூஞ்சியிலயே எறிஞ்சான்."

"நல்லதாப் போச்சு!"

"என்ன மேடம் நல்லதாப் போச்சு? பொம்பளையை நடுத்தெருவுல வெச்சு..."

தர்ஷினி அதற்குள் பதில் மனுவை எழுத ஆரம்பித்துவிட்டார்.

பேங்க் வக்கீலும் லேசில் விடவில்லை. "கடனை ஒத்துக்கிட்டுப் பணம் கொடுக்க வந்திருக்காங்க. சாட்சி இருக்கு" என்று மஞ்சுநாத்தையே கூண்டில் ஏற்றினார்.

"பணம் வாங்கினீங்களா?" நீதிபதி கேட்டார்.

"இல்ல சார்."

"இந்தம்மா கையெழுத்துப் போட்ட ரசீது?"

"அதுவும் இல்ல சார். ஐந்நூறுதானேன்னு கோபத்துல எறிஞ்சிட்டேன். சந்துல எல்லாரும் பார்த்தாங்க."

பேங்க் வக்கீல் அவனை எரித்துவிடுவது போல் பார்த்தார்.

தீர்ப்பு நாள் வந்தது. மூன்று வருடத்தில் ஒரு ரூபாய்கூட வரவாகவில்லை, எழுத்தில் ஒரு வரியும் இல்லை, கெடு தாண்டிப் போட்ட வழக்கு என்று படித்துக்கொண்டே போன நீதிபதி, கடைசியில் கன்னடத்தில் ஒரே வார்த்தையில் முடித்தார்.

"வஜா."

தள்ளுபடி! பிறந்ததிலிருந்து கேட்டு வரும் கன்னடம் பாமாவுக்கு அன்று இனித்தது. கூட வந்த உஷா கோர்ட் என்றும் பாராமல் கைதட்டி, டவாலியிடம் திட்டு வாங்கினாள்.

வெளியே வராந்தாவில் மஞ்சுநாத் நின்றிருந்தான். சாட்சி சொல்லி முடித்தவனுக்கு அன்று அங்கே ஒரு வேலையும் இல்லை.

பாமா நேரே அவனிடம் போனாள். பையிலிருந்து அந்த நோட்டை எடுத்தாள். ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்த கை அது.

"இந்தா, பிடி உன் ஐந்நூறு!"

மஞ்சுநாத் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"அய்யோ, வேணாம் அக்கா! உள்ள வைங்க. அன்னைக்கு இதை வாங்கி, ரசீதுல உங்க கையெழுத்தையும் வாங்கியிருந்தா, கெடு அந்த நாள்லேர்ந்து புதுசா மூணு வருஷம் ஓடியிருக்கும். இன்னைக்கு நீங்க தோத்திருப்பீங்க."

ஓங்கிய கை அப்படியே நின்றது.

"இதை மெதுவா சொல்லியிருக்கலாமே தம்பி? மூஞ்சியில எறியணுமா?"

"மெதுவா சொன்னா கேட்டிருப்பீங்களா? கெஞ்சிக் கையில திணிச்சிருப்பீங்க." மஞ்சுநாத் தலையைக் குனிந்துகொண்டான். "எங்கம்மாகிட்டயும் ஒரு ஏஜென்ட் வந்தார் அக்கா. சேர்ல உட்கார்ந்து, காபி குடிச்சு, ரொம்ப மரியாதையா ஐந்நூறு வாங்கிட்டுப் போனார். அந்த ரசீதை வெச்சுத்தான் எங்க லீஸ் பணத்தை எடுத்தாங்க."